கோட்டுப் பையில் போன சீட்டு

சாம்பல் நிறக் கோட்டில் சபை சிறக்க வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! அறிவில் மூத்த ஆன்றோர்களே! அடுப்பை அணைத்த கையோடு அரக்கப்பரக்க வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! இந்த அம்மாள் எப்போது முடிப்பாள் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் கடைசி வரிசைக் கனவான்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன். தலைவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதே என்று யாரும் பதற வேண்டாம். காரணத்தோடுதான் விட்டிருக்கிறோம்.

எழுத்தாளர் என்று சொன்னதும் கைதட்டினீர்களே, அவன் என் தம்பி. 'அவர்' என்று சொல்ல வேண்டுமாம்! மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து பார்க்கிறேன், எனக்கு வாய் வராது. ஆண்களுக்கு ஆடை வடிவமைத்தே இருபத்தாறு ஆண்டுகளை ஓட்டியவன். வரைவதும் வெட்டுவதும் தைப்பதும் அவன். காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் தேய்த்துக் கொடுப்பதும் நான்.

அடடா, அந்த மாடி அறை! சுண்ணக்கட்டித் தூள் படிந்த நீள மேசை, ஈரத்துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டதும் எழும் வாசனை, ஓரம் உடைந்த ஆளுயரக் கண்ணாடி! அந்தக் கண்ணாடி முன்னே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுத்தவர்கள் எத்தனை பேர்! முன்வரிசையில் சிரிக்கும் ஐயா, நீங்களும் அதில் உண்டு!

ஒவ்வொருவர் அளவையும் ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்தி வைப்பான் தம்பி. தோள், மார்பு, கை நீளம். அதோடு நின்றானா? நிற்கவில்லை! சீட்டின் பின்புறம் அந்த மனிதரையே எழுதினான். தைத்து முடிந்ததும் சீட்டைக் கழற்றிச் செருப்புப் பெட்டியில் போட்டு வைப்பது என் வேலை.

எப்போதும் மனைவியோடு வரும் வாத்தியார் ஒருவர், ஒருநாள் தனியாக வந்தார். ஓய்வுபெறும் விழாவுக்கு ஒரு கோட்டு கேட்டார். தேய்க்கும்போது தொலைந்துவிடக் கூடாதே என்று சீட்டைக் கழற்றி உள்பையில் செருகியவள், எடுக்க மறந்தேன். கோட்டு போய்விட்டது. சீட்டும் போய்விட்டது!

மறுநாள் விஷயம் தெரிந்ததும் தம்பியின் முகம் வெளுத்தது. "அளவு குடுக்க வந்தவர வேவு பாத்த மாதிரி ஆயிடுச்சேக்கா! இனிமே எந்த முகத்த வச்சிக்கிட்டு அவரப் பாப்பேன்?" என்றான். எழுதியது அத்தனையையும் எரிப்பதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். விடுவேனா? மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், தப்பு பண்ணது நானு. அதுக்கு நீ எழுதினது ஏண்டா எரியணும்?"

படிக்கட்டில் நாங்கள் இப்படி இழுபறியாக நிற்க, கீழிருந்து ஏறி வந்தார் வாத்தியார். கையில் அந்தச் சீட்டு!

"இத எழுதினது யாரு?"

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்து உரக்கப் படித்தார். 'எந்தத் துணி என்று கேட்டால் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார். அது காலி. சாம்பல் நிறத்தையே வெட்டுகிறேன். அந்த அம்மா இருந்திருந்தால் அதைத்தான் காட்டியிருப்பார்.'

பிறகு நிமிர்ந்தார். "ஊரே வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. அவ இல்லாம நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் பாக்கல. நீ பாத்திருக்க. அந்தப் பெட்டியில இன்னும் இருக்கா?"

மாலை வரை அங்கேயே உட்கார்ந்து படித்தார். "இத எரிச்சா உன்னச் சும்மா விடமாட்டேன். புத்தகமா எழுது" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

எழுதினான்! சீட்டில் இருந்தவர்களின் வீடு வீடாகப் போய் அனுமதி கேட்டு எழுதினான்! பொருந்தாத கையைப் பிரித்துப் பிரித்துத் தைப்பதுபோல், ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுதினான்! அவனை எழுத்தாளன் ஆக்கியது எது? கத்தரியா? பேனாவா? இல்லை பெரியோர்களே, இல்லை! எதிரே நிற்பவரை நின்று நிதானமாகப் பார்த்தானே, அந்தப் பார்வை! அது நம் எல்லாரிடமும் இருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

அந்த வாத்தியார்தான் இன்று நம் தலைவர். உடுத்தியிருப்பதும் அதே கோட்டுதான். முதல் பிரதியை நீங்களே பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். "அவ வாங்கிக்கட்டும்" என்றார்.

இவ்வளவு நேரம் காதும் மனசும் கொடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம். தம்பி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வாடா. அந்த நாற்காலியில் வை.