கிழக்குப் பக்கம் இன்னும் திறந்திருக்கிறது

தலைமை தாங்கும் ஒன்றியத் தலைவர் வைரக்கண்ணு அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கும் பழைய மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முத்தாயி அக்கா, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் தலைமையாசிரியர், முன்னாள் ஒன்றியத் தலைவர் மரிய செல்வம் ஐயா மறைந்துவிட்டார். அவருடைய பள்ளியில் இன்றும் கணக்கு டீச்சராக இருக்கும் ஏஞ்சல் மேரி நான். ஐயாவின் படத்துக்கு நானும் மாலை போட்டேன். ஆனாலும் இன்று காலை வகுப்பில் வருகை எடுத்தபோது, பக்கத்து அறையில் அவர் அந்தப் பெயரைக் கூப்பிடும் குரல் கேட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள். கேட்டது.

எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். வளர்மதி. ஆறாம் வகுப்பு. நம் முத்தாயி அக்காவின் மகள். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளத்தில், ஆட்டுக்குட்டியைத் தேடிப் போய், மழைத் தண்ணீரில் மூழ்கியவள். அடக்கம் முடிந்த மறுநாள், பழக்க தோஷத்தில் ஐயா அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். "உள்ளேன் ஐயா" என்ற பதில் வரவில்லை. பிள்ளைகள் அழவில்லை, எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவரால் தாண்டிப் போக முடியவில்லை.

ஓய்வுபெற்ற மனிதர் எதற்காகத் தேர்தலில் நின்றார்? பதவிக்கா? பெயருக்கா? அந்தப் பள்ளத்துக்கு வேலி போட நின்றார், ஜெயித்தார். ஒவ்வொரு ஒன்றியக் கூட்டத்திலும் உறுப்பினர்களின் பெயர்களோடு அவள் பெயரையும் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். "செத்த புள்ளைய ஏன் சார் கூப்புடுறீங்க, ஒடம்பு நடுங்குது" என்றார்கள். "நடுங்கட்டும். வேலி வந்ததும் நிறுத்திடுறேன்" என்றார். மூன்று பக்கம் வேலி வந்தது. கிழக்குப் பக்கத்தை அடைப்பதற்கு முன்னால் அடுத்த தேர்தல் வந்தது; தோற்றுப்போனார். அப்போதும் விடவில்லை. கல்யாண வீட்டில் வாழ்த்தச் சொன்னாலும், மைக்கைப் பிடித்ததும் அந்தப் பெயர்தான். பிறகு கல்யாணங்களுக்கு அவரை அழைப்பதையே விட்டுவிட்டோம்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தேன். "டீச்சர், கெழக்குப் பக்கம்" என்றார். நேற்று அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளம் நிரம்பிக் கிடக்கிறது. கரையோரம் ஆடுகள் மேய்கின்றன. எனக்கு அங்கே நிற்கப் பயமாக இருந்தது.

சற்று முன் முத்தாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சாரு இருந்தவரைக்கும் எம்புள்ளைய இன்னும் யாரோ தேடுறாங்கன்னு இருந்துச்சு டீச்சர். இனிமே யாரு கூப்புடுவா?"

நான் கூப்பிடுகிறேன் அக்கா. பள்ளியில் கூப்பிடுவேன். ஒன்றிய ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிடுவேன். கிழக்குப் பக்கம் அடைபடும்வரை நிறுத்தமாட்டேன். ஐயாவுக்கு இதைவிட வேறென்ன அஞ்சலி இருக்கிறது?

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். மௌனத்துக்கு முன்னால் அந்தப் பெயர். இந்த முறை யாரும் வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். மேடையில் இருக்கும் நம் ஒன்றியத் தலைவரைப் பாருங்கள்.

வளர்மதி.