செவ்வாயைச் சனியாக்கியவள்

கல்குடாவிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பள்ளிச் சீருடையோடு இரண்டு பிள்ளைகள்.

“என்ட சாமத்தியச் சாதகம் முழுப் பொய், கா,” என்றாள் ஜன்னலோரத்துக்காரி.

நான் நித்திரை கொள்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நான் பெரியபிள்ளையானது செவ்வாய்க்கிழமை. சுகாதாரப் பாடத்தில படிச்சதால பயமில்ல. ஆனா சொன்னா வீட்டுக்குள்ள இருத்திப்போடுவாங்க. சனிக்கிழமை வலைப்பந்து மெச். அது முடிஞ்சு வந்துதான், இப்பதான் எண்டு அம்மாட்டச் சொன்னன்.”

“வெண்டீங்களா?”

“எங்க! மிஸ் என்னை விளையாட விடவேயில்ல. கடைசிவரைக்கும் கோட்டுக்கு வெளிய மரவாங்கில குந்தியிருந்தன். நாலு நாள் பொத்திப் பொத்தி வச்சதுக்கு அதுதான் கிடைச்சது.”

மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மறுகா?”

“அம்மா அந்தச் சனிக்கிழமை நேரத்தைக் கொண்டுபோய்ச் சாத்திரியாரிட்டக் குடுத்துச் சாதகம் எழுதுவிச்சா. பிறகொரு காலத்தில கலியாணப் பொருத்தமும் அதிலதானாம் பார்க்கிறது. சாமித்தட்டில வச்சுக் கும்பிடுறா.”

“இப்பயாவது அவட்ட உண்மையைச் சொல்லன்.”

“எப்பிடிக் கா சொல்லுறது? ‘இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது’ எண்டு முதல் வரியிலேயே எழுதிக் கிடக்கு.”