இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணின ட்வீட்டர்

— பூனை வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்.

— அக்கா, நாலு மணிக்கு டீலர் வந்து நிப்பார். மேல் சத்தத்துக்கு எந்த ட்வீட்டர்னு நீ சொன்னாத்தான் இருநூறு ஜோடி ஸ்பீக்கருக்குக் கையெழுத்து போடுவார். மைக்கை நம்பி வரல அவர், உன் காதை நம்பி வர்றார். மணி மூணரை. நீ என்னடான்னா பூனைக்குக் காத்துக்கிட்டிருக்கே.

— இன்ஸ்பெக்டர் இல்லாம நான் எந்த ஸ்பீக்கரையும் பாஸ் பண்ணினதில்லைடா. ராசி.

— ராசியா? ஸ்க்ரூவைக்கூட எண்ணி மாட்டற பொம்பளை பேசற பேச்சா இது?

— கூப்பிடுடா அதை.

— மூணு தடவை கூப்பிட்டாச்சு. கூடையை விட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல.

— இன்ஸ்பெக்டர்டா அது. கூப்பிட்டா வருமா? நாமதான் போய்ப் பாக்கணும். காலையில அதுக்கு ஊசி போடத் தூக்கிட்டுப் போனியே, டாக்டர் என்ன சொன்னார்?

— என்னவோ சொன்னார், அப்புறம் சொல்றேன். தலைபோற விஷயமில்ல. வாங்க ஐயா, வாங்க... ஆ! நகம், நகம்! எங்க வைக்க?

— அந்த முக்காலி மேல. கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். அது முகம் எனக்குத் தெரியணும்.

— பாட்டு கேக்கறதுக்குப் பூனை முகம் எதுக்கு?

— திரைக்குப் பின்னாடி போறியா, இல்லையா?

— போயாச்சு. கேட்டுக்கோ. மூணு ட்வீட்டர் வெச்சிருக்கேன்: குமிழ் மாதிரி துணி டோம், அதே மாதிரி உலோக டோம், பட்டையா ரிப்பன். பெட்டி அதே பெட்டி, அடிச் சத்தத்துக்குக் கீழ இருக்கற வூஃபர் அதே வூஃபர், பாட்டும் ஒரே பாட்டு. மாறறது எலுமிச்சம்பழம் அளவு சமாச்சாரம் ஒண்ணுதான். எது எதுன்னு சொல்ல மாட்... ஐயையோ!

— என்னடா அது! உயிரே போயிடுச்சு எனக்கு.

— ஸ்க்ரூ டப்பா. மொத்தமும் கொட்டிடுச்சு.

— இன்ஸ்பெக்டரைப் பாரு, ஒரு முடி அசையல. அந்த நிதானத்துல கால்வாசி உனக்கு இருக்கா?

— அதை அப்புறம் திட்டு. முதலாவது, இதோ.

— ம்... போதும், நிறுத்து. அந்தப் பொண்ணு பாடற ஒவ்வொரு ‘ஸ’வும் பல் சந்து வழியா வருது. டிரம்ஸ் சிம்பலைத் தட்டினா கரண்டி கீழ விழுந்த மாதிரி இருக்கு. உலோகம் இது.

— எதுன்னு உன்னை யாரு கேட்டா? பிடிச்சிருக்கா, இல்லையா?

— கடையில அஞ்சு நிமிஷம் கேக்கறவன் ‘ஆஹா’ன்னு வாங்கிட்டுப் போவான். மூணாம் நாள் தலைவலி மாத்திரை வாங்குவான். அடுத்தது போடு.

— ரெண்டாவது.

— சுத்தமா இருக்கு. கழுவித் துடைச்ச கண்ணாடி மாதிரி. இரு, எழுந்து நிக்கறேன்... போச்சு. உக்காந்தா இருக்கு, எழுந்தா காணோம். ரிப்பன்தானே? மேலயும் கீழயும் சத்தம் பரவாது அதுக்கு. வாங்கறவனை நாற்காலியோட சேர்த்துக் கட்டிப் போடணும்.

— மூணாவது... அக்கா? தூங்கிட்டியா?

— சும்மா இருடா... அந்தச் சிம்பலைக் கேட்டியா? அடிச்சதுக்கு அப்புறம் அது தேய்ஞ்சு தேய்ஞ்சு எங்க முடியுதுன்னே தெரியல. துணி டோம். முதுகுப் பக்கம் நீ ஆழமா அறை விட்டு உள்ள கம்பளி அடைச்சியே, அது. இதுதான் நம்ம ட்வீட்டர். எழுதிக்கோ.

— மூணுக்கு மூணு! நேத்து மைக் வெச்சு வரைஞ்ச கிராஃபும் இதையேதான் சொல்லுது. உன் காதுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடணும்க்கா.

— விடாதே. வெளிய வா. மேஜை டிராயரைத் திற, ரெண்டாவது ஃபைல்.

— என்ன இது... காது டெஸ்ட் சீட்டு. யாருக்கு?

— உங்க அத்தானுக்கா? எனக்குத்தான். படி.

— பதினோராயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல... ஒண்ணுமே கேக்கலையா? நாலு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு!

— ட்வீட்டர் இருபதாயிரம் வரைக்கும் பாடும். அதுல பாதிகிட்ட என் காதுல விழறதே இல்ல.

— வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்க்கா. ட்வீட்டர் வேலையை ஆரம்பிக்கறதே ரெண்டாயிரத்து ஐநூறுல. பாட்டுல முக்கால்வாசி பதினோராயிரத்துக்குக் கீழயே முடிஞ்சுடுது.

— மேல்மாடி பூட்டிக் கிடக்கற வீட்டை முழு வீடுன்னு சொல்லி விப்பாங்களா?

— அப்ப இப்ப மூணையும் எப்படிச் சொன்னே?

— இன்ஸ்பெக்டர்தான் சொல்லுச்சு.

— என்னது?

— பூனைக்கு அறுபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குமாம், படிச்சேன். உலோகம் போட்டா காதைப் பின்னாடி மடிச்சுக்கும். ரிப்பன்னா தலையைத் திருப்பிக்கும். நல்ல ட்வீட்டரா இருந்தா கண்ணை மூடிடும். நான் அது முகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். பல் சந்து, கரண்டி, கண்ணாடி எல்லாம் நானா ஜோடிச்சுப் பேசறது.

— நாலு வருஷமாவா?

— நாலு வருஷம், ஏழு மாடல்.

— ஏழையும் பூனையா பாஸ் பண்ணுச்சு? பத்திரிகைக்காரங்க எழுதினாங்களே, தங்கக் காதுன்னு?

— தங்கமில்ல, வெள்ளை. உள்பக்கம் கொஞ்சம் ரோஸ்.

— பூனை காது சும்மா இருந்தாலே ஆடும்க்கா. ஈ பறந்தா ஆடும், வெயில் பட்டா ஆடும்.

— எனக்குத் தெரியும்டா, அது எப்ப ஆடுது, எதுக்கு ஆடுதுன்னு. ஒரு தடவையாவது தப்பாப் போச்சா? உன் கிராஃபை எடுத்துப் பாரு.

— பாத்தாச்சு. ஏழும் சரி. இன்னிக்கும் சரி.

— அதனாலதான் என்னால தூங்க முடியல. பாராட்டெல்லாம் எனக்கு, கேட்டதெல்லாம் அது. டீலர் வந்ததும் சொல்லிடப் போறேன், இந்தக் காதை நம்பாதீங்கன்னு. இனிமே கேக்கற நாற்காலியில நான் உக்கார மாட்டேன். வேற ஆளைப் பாரு... எதுக்குடா இப்ப சிரிக்கறே? அழற விஷயம்டா இது.

— முடியலக்கா... வயிறு வலிக்குது...

— மணி அடிக்குது பாரு, வந்துட்டார். கதவைத் திற. சிரிப்பை நிறுத்திட்டுத் திற!

— இரு, திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. காலையில டாக்டர் சொன்னதை அப்புறம் சொல்றேன்னேனே, அதை இப்பவே கேட்டுக்கோ. வெள்ளை முடி, நீலக் கண்ணு, இந்த மாதிரி பூனைகளுக்கு அப்படி வர்றதுண்டாம். தலைக்குப் பின்னாடி கைதட்டிப் பாத்தார், சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாத்தார். உன் இன்ஸ்பெக்டருக்குப் பொறந்ததுலேர்ந்தே ரெண்டு காதும் கேக்காதாம்க்கா.