விளங்கச் சொல்லப்பட்டது

கையெழுத்து இப்ப வேணாம் டீச்சர். பேனாவ மூடி வையுங்க. எழுதினத மொதல்ல நான் வாயால சொல்லிர்றேன். பொறகு அத நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லணும். சிரிக்காதீங்க. பதுளையில இருந்து தெமோதரை வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பிடித்தான். இந்த எலக்ட்ரீஷியன் விஜேந்திரனுக்குக் கொஞ்சம் கழண்டுருச்சுன்னு ஆளுங்க பேசிக்கிறதும் தெரியும்.

சரி. நீங்க குடிவரப் போற இந்த வீட்டு வயரிங் நாப்பது வருஷத்துக்கு மேல. சீலிங்குக்கு மேல ஏறிப் பாத்தேன், கம்பிக்கு மேல இருக்குற ரப்பர் கைபட்டாலே உதிருது. எர்த் கம்பி எங்கயும் இல்ல. பீங்கான் பியூஸ்ல மெல்லிசா ஒரு கம்பி போட வேண்டிய எடத்துல யாரோ நாலஞ்சு கம்பிய முறுக்கி விட்டிருக்காங்க. இல்ல டீச்சர், பியூஸ் போகாம இருக்குறது நல்லதில்ல. போறதுக்குத்தான் அத வச்சிருக்கு. கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டுற ட்ரிப் சுவிட்சும் கெடையாது. அதனால கரண்ட ஒடனே நிப்பாட்டணும், முழுசா மாத்தின பொறகுதான் திரும்பப் போடணும்னு எழுதியிருக்கேன். இந்த ரிப்போர்ட் பாரம் இங்கிலீசுல இருக்கு. ஒங்களுக்கு வாசிக்கத் தெரியும்தான். தெரிஞ்சாலும் சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறீங்களா? ஓ, கார்டும் குடுத்தாச்சா? சரி, சொந்தக்காரங்க வருவாங்கதான். அதுவரைக்கும் தாங்குமான்னு எங்கிட்டக் கேக்காதீங்க. அதுக்கு நான் இப்பல்லாம் பதில் சொல்றதில்ல.

ஏன்னா, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துல ஒரு வீடு. வள்ளியம்மைன்னு ஒரு அக்கா, கொழுந்து எடுக்குறவங்க. புருசன் சுரேஸ் கொழும்புல கடையில வேல. தோட்டத்துல வரிசையாக் கட்டி வச்சிருக்குற லயத்து வீட்ட ஒட்டி ரெண்டு அறை கட்ட பேங்க்ல லோன் கேட்டிருந்தாங்க. பழைய வீட்டு வயரிங் ரிப்போர்ட் கொண்டாங்கன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க. நான் போனேன். இதே மாதிரிதான், ரப்பர் உதிர்ந்து, எர்த் இல்லாம. இன்னும் மோசம், கூரத் தகரத்துக்கு அடியில கம்பி வெறுமனே கெடக்குது. இதே பாரத்துல, ஒங்களுக்கு எழுதுனதத்தான் அங்கயும் எழுதுனேன். ஒரு சொல்லு கொறையல.

அடியில ஒரு வரி இருக்கு பாருங்க. மேல உள்ளது எனக்கு விளங்குற மொழியில சொல்லப்பட்டதுன்னு. அதுக்குக் கீழ அவங்க கையெழுத்துப் போட்டாங்க. தமிழ்ல, ஒவ்வொரு எழுத்தா.

அடுத்த வாரம் மகளுக்குச் சடங்கு. கிருஷாந்தின்னு பேரு. எனக்கும் சொல்லியிருந்தாங்க, போனேன். வாசல்ல பந்தல் போட்டு, லயம் பூரா சீரியல் பல்ப்பு. நல்ல சாப்பாடு. மாமன்காரன் சீர்த்தட்ட எண்ணிப் பாத்துட்டு ஒண்ணு கொறையுதுன்னு ஒரு சண்ட போட்டான், பொறகு அவனே சிரிச்சிட்டான். எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு.

மறுநா மழ பெஞ்சு ஓஞ்சிருந்துச்சு. வள்ளியம்மையக்கா சடங்குக்கு விரிச்ச துணியெல்லாம் தொவச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. துணி காயப்போடுற கம்பிய லயத்துல எங்க கட்டுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே. ஒரு நுனி மரத்துல, மத்த நுனி கூரத் தகரத்துல. தகரம் பூரா கரண்ட். ஈரத் துணியோட கம்பியில கை வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு ஆளு கட்டையால தட்டி விட்டிருக்கான். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு முந்தியே முடிஞ்சிருச்சு.

மரண விசாரணைக்கு என்னயும் கூப்புட்டாங்க. இது ஒன் எழுத்தான்னு கேட்டாங்க, ஆமான்னேன். இது அவங்க கையெழுத்தான்னு கேட்டாங்க, ஆமான்னேன். என்னிக்கு வீட்டப் பாத்தேன்னு கேட்டாங்க, தேதி சொன்னேன். அவ்வளவுதான். எம் பேர்ல பிழை இல்லன்னு ஆயிருச்சு. பாரம் ஒழுங்கா இருந்துச்சு.

சுரேஸ் வெளிய வந்து எங் கையப் புடிச்சுக்கிட்டாரு. நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க, அவதான் கேக்கல அப்பிடின்னாரு. மகளுக்கும் அதத்தான் சொல்லி வச்சிருக்காரு. ஒனக்குச் சடங்கு செய்யணும்னுதான் ஒங்கம்மா கரண்ட நிப்பாட்டல, பேச்சுக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்னு. அந்தப் புள்ள இப்ப ஒங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. பத்தாம் வகுப்பு. ஆமா, அதேதான். கடைசி பெஞ்சா? அப்பிடியா. வீட்டுலயும் பேசுறதில்லயாம்.

அதனாலதான் திருப்பிச் சொல்லச் சொல்றேன். கரண்ட ஒடனே நிப்பாட்டணும். ம், அது சரி. முழுசா மாத்தணும். சரி. வெள்ளிக்கிழமைக்குப் பெட்ரோமாக்ஸ் ரெண்டு வாடகைக்கு எடுக்கலாம், பசீல் கடையில இருக்கு. பால் அடுப்புலதானே காயும்.

என்ன கேட்டீங்க?

ஆமா டீச்சர். சடங்கு அன்னிக்குக் கரண்ட் இருந்துச்சு. கரண்ட் இல்லாம பல்ப்பு எப்பிடி எரியும். நான்தான் கட்டிக் குடுத்தேன். விசாரணையில இத யாரும் கேக்கல. மூணு வருஷத்துல நீங்கதான் மொத ஆளு.

அன்னிக்கு வள்ளியம்மையக்கா வீட்டுல பாரத்த எழுதி முடிச்சுட்டு நிமிந்து பாத்தேன். என்ன தம்பி எழுதியிருக்குன்னு அக்கா கேட்டாங்க. பாத்திரக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, லைட்டுக்கு மட்டும் ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு அதுக்கு முந்திதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பேங்குக்கு இப்பிடித்தாங்க்கா எழுதணும், பயப்பட ஒண்ணுமில்ல, சடங்க முடிச்சுருங்க, பொறகு வந்து மாத்தித் தாறேன்னு சொன்னேன்.

விளங்கிச்சு தம்பின்னு சொல்லிட்டுத்தான் பேனாவ வாங்குனாங்க.