குடை வந்தபோதும் நிற்காத குரல்

செருமினால் செவிலிமேடே திரும்பிப் பார்க்க, சிரித்தால் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோக்கள் ஓரங்கட்டி நிற்க, 'அன்பார்ந்த நேயர்களே' என்று அடியெடுத்தால் ஏனாத்தூர் விடுதி மாணவர்கள் அரைத் தூக்கத்தில் எழுந்து பல் தேய்க்க, ஜவுளிக்கடைத் தள்ளுபடியையும் ஜலதோஷ மாத்திரையையும் ஒரே தெய்வீகத்தோடு அறிவித்து, கரண்ட் போன பிறகும் காஞ்சி மக்களின் காதில் கால் மணி நேரம் ஒலித்துக்கொண்டிருந்த வெண்கலக் குரல் வேந்தர், மணியோசை டிவியின் மாண்புமிகு தொண்டை, திரு. பூவராகவனார் அவர்களுக்கு, முப்பத்தோர் ஆண்டுப் பணி நிறைவெய்தும் இந்நாளில், உடன் பணியாற்றியோர் கண்ணாடிச் சட்டமிட்டு வழங்கும் மடல்.

மேலே கண்டவற்றில் மிகை ஏதும் இல்லை. இருந்தால் அதற்கு அவரே பொறுப்பு. எழுதியவர் அவர்தான்.

மணியோசையில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுபவர் பூவராகவனார். இதுவரை பதினான்கு மடல்கள் எழுதியிருக்கிறார். பாதித் தூக்கத்தில் கேமரா தூக்கியவரைப் 'பார்வையால் பகைவரை எரித்தவர்' என்றும், ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவரை 'மின்னலை முடிந்து வைத்த மேதை' என்றும் எழுதிக் குடும்பத்தாரை அழவைத்தவர். விழா நாள் காலைவரை எழுதி முடிக்க மாட்டார் என்பதால், இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின நாளே வெறுந்தாளின் அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மேலே அவர் பிறகு நிரப்பிக்கொள்வார். என்ன எழுதுவார் என்று யாரும் கேட்டதில்லை. புகழ்வார், வேறென்ன.

இம்முறை அவருக்கே ஓய்வு. நிறுவனரின் மகனும் இன்றைய முதலாளியுமான பாலாஜி, அன்பு மேலிட்டுச் சொன்னார்: "அண்ணே, உங்க மடலை நீங்களே எழுதினா நல்லாவா இருக்கும்? ஏஐ கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷத்துல எழுதிடும். உங்க வாய்ஸ்லயே படிக்கவும் வெச்சிடலாம். நீங்க ஜாலியா மாலைய போட்டுக்கினு உக்காந்துக்கினு இருங்க."

சொன்னபடியே இரண்டு நிமிடத்தில் வந்தது. காஞ்சிபுரம் என்ற சொல்லைக் கண்டதும் அந்த எந்திரத்துக்கு ஒரே கொண்டாட்டம். பூவராகவனார் பட்டு நெசவில் ஆற்றிய அருந்தொண்டைப் பாராட்டி, தறியில் தேய்ந்த அவர் விரல்களுக்கு வணக்கம் செலுத்தியிருந்தது. அவர் பரம்பரையில் தறிக்குழியில் கால் வைத்தவர் ஒருவரும் இல்லை. அவர் தந்தை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். கருட சேவைக்குத் தெருக்கோடியோடு நின்று கும்பிட்டுத் திரும்பியவர். மகனின் குரலோ அதே கருட சேவையை இந்த ஊரின் எல்லா வரவேற்பறைக்குள்ளும் கூட்டிப் போனது. இதெல்லாம் எந்திரத்துக்கு யார் சொல்வது? எனவே வழக்கப்படி, கையெழுத்து வாங்கிய வெறுந்தாளை எடுத்து அவரே எழுத உட்கார்ந்தார்.

அவர் சேர்ந்தபோது மணியோசையில் பத்தொன்பது பேர். கேமராவுக்கு இருவர், விளக்குக்கு ஒருவர், அந்த விளக்கைத் திட்டுவதற்கென்றே ஒருவர். கேபிள் சேனல் மாடியில், திருமண வீடியோ கீழே, பேனர் எழுதும் கடை பக்கத்தில், வார இதழ் எதிர்ச் சந்தில், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வாசலில். ஐந்தும் ஐந்து தொழில். ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது. பிறகு ஒவ்வொன்றாகக் கணினிக்குள் குடியேறின. கணினி மடியில் ஏறியது, மடியிலிருந்து கைக்கு வந்தது. இன்று கேமரா, வெட்டும் மேசை, அச்சகம், ஒலிபரப்பு எல்லாம் இப்போது படமெடுக்கும் விக்ரமின் ஒரே போனுக்குள் இருக்கின்றன. அந்தப் போன் சூடானால் மொத்த நிறுவனத்துக்கும் காய்ச்சல். பத்தொன்பது பேர் ஐவரானோம். நாளை நால்வர். பாலாஜியும் பாவம், என்ன செய்வார்? டிவி முன் உட்கார ஊரில் ஆளில்லை. "மூணு செகண்ட்ல புடிக்கலன்னா தள்ளிட்டுப் போயிடறான்ணே" என்று அவர் சொன்னது பொய்யில்லை.

பத்தொன்பது பேரில் முனிரத்தினம் என்றொருவர் இருந்தார். இருபத்திரண்டு வருடம் மணியோசையின் கேமரா அவர் தோளில்தான் இருந்தது. வைகாசிக் கருட சேவை விடியலில் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்ததும் குடையால் கணநேரம் மறைப்பார்கள். தொலைவில் வரமுடியாமல் கிடந்த அடியவர் ஒருவருக்குத் தரிசனம் தர அந்தக் கணம் பெருமாள் போய்விடுகிறார் என்பது ஐதீகம். முதல் வருடம் அந்த இடத்தில் என்ன பேசுவது என்று பூவராகவனார் கேட்டார். "பெருமாளே அங்க இல்ல, நீ யாரப் பத்திப்பா பேசப் போற? கம்முனு இரு" என்றார் முனிரத்தினம். அன்றிலிருந்து ஏற்பாடு அதுதான். குடை வந்ததும் முனிரத்தினம் இடக்கையை உயர்த்துவார், பேச்சு நிற்கும். கை இறங்கியதும் பேச்சு வரும். இடையில் நாதஸ்வரமும் ஜனத்தின் மூச்சும் மட்டும். அந்த மௌனத்தில் காகம்கூடக் கத்தியதில்லை என்று பூவராகவனார் சத்தியம் செய்வார். சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் சக்ரவர்த்தி, வருடந்தோறும் மறுநாள் காலை போன் போட்டு வர்ணனையில் ஒன்பது பிழை சொல்லுவார். அந்த மௌனத்தில் மட்டும் அவராலும் பிழை கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

போன்களே படமெடுக்கத் தொடங்கியதும் முனிரத்தினத்தை வீட்டுக்கு அனுப்பினோம். அவர் மடலையும் பூவராகவனார்தான் எழுதினார். அந்த ஒன்றில் மட்டும் மிகையே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பாலாஜி வந்து, "உங்க குரலைப் பத்திரப்படுத்தி வெக்கணும்ணே, காலத்துக்கும் இருக்கும்" என்றார். பூவராகவனார் வானத்தில் மிதந்தார். பதினொரு நாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எண்கள், தெருக்கள், மளிகைச் சாமான்கள் எல்லாம் படித்தார். சிரிப்பில் ஏழு வகை, பெருமூச்சில் மூன்று வகை கொடுத்தார். கேட்காமலே இருமலும் கொடுத்தார். வீட்டில் மனைவி அம்சவேணியிடம், "நான் செத்தாலும் என் குரல் பேசிக்கினே இருக்கும், தெரியுமா?" என்றார். "உயிரோட இருக்கறப்பவே அந்த வாய் ஓயல. செத்தும் ஓயாதா? நான் எங்க போவேன்" என்றார் அந்த அம்மாள். கடைசி நாள் நான்கு பக்க ஆங்கிலத் தாளில் பூவராகவனார் கையெழுத்திட்டார். படிக்கவில்லை. பாலாஜி, இவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவர் நீட்டியதை எப்படிப் படித்துப் பார்ப்பது?

இந்த வைகாசியில் கருட சேவைக்கு, "நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே" என்றார்கள். விடியற்காலை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டிவியைப் போட்ட அம்சவேணி அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "யோவ், நீ இங்க டீ குடிச்சிக்கினு இருக்கிற. அங்க யாருயா பேசறது?"

அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்காமல், தடுமாறாமல், இருபது வயது குறைந்து பேசிக்கொண்டிருந்தார். பெருமாள் கோபுர வாசலுக்கு வந்தார். குடை மறைத்தது. பூவராகவனாரின் வாய் இங்கே தானாக மூடிக்கொண்டது. அங்கே மூடவில்லை. முகூர்த்தப் பட்டுக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி என்றும், சலுகை இன்று மட்டும் என்றும் கனிவோடு சொன்னது. குடை விலகியது. "இதோ, எம்பெருமான்" என்றது அதே கனிவு. அம்சவேணி டிவியை அணைத்தார். டீ ஆறிப்போயிற்று.

மறுநாள் சக்ரவர்த்தியின் போன் வந்தது. "ஓய் பூவராகவன், இந்த வருஷம் வர்ணனைல ஒரு தப்புகூட இல்லையே. அப்பவே எனக்குச் சந்தேகம். குடை வந்தும் வாய் நிக்கலைன்னதும் நீர் இல்லைன்னு தெரிஞ்சுண்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பாலாஜியிடம் கேட்டதற்கு, அவர் கோபமே இல்லாமல் விளக்கினார். "பேச்சு நின்னா அது காலி இடம்ணே. சாஃப்ட்வேரே வெட்டிட்டு அங்க விளம்பரத்த வெச்சிடும். நான் சொல்லி வெக்கல. யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலியே."

ஆடி மாதம் ஒரு மாலை. பேருந்து நிலையத்துக்கு அருகே டீக்கடையில் மணியோசை ஓடிக்கொண்டிருந்தது. இரங்கல் செய்தி வந்தது. 'எம் அருமை நண்பர், ஒளிப்பதிவாளர் முனிரத்தினம் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதைத் துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' பூவராகவனாரின் குரல். நண்பன் இறந்த செய்தியைத் தன் வாயால், தனக்கே தெரியாமல், தானே ஊருக்குச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர், "இன்னாபா, நீயே சொல்லிட்டு நீயே இப்படி நிக்கிற?" என்று கேட்டார்.

அந்தச் செய்தியை டைப் செய்தவர் எங்கள் பிரவீனா. இன்றுவரை அதற்காக அழுகிறார். "நான்தான் டைப் பண்ணேன்ணே. கேக்கறப்போ எனக்கே நீங்க படிக்கிற மாதிரிதான் இருந்துச்சி. அதான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்." சாவு வீட்டில் முனிரத்தினத்தின் மகள் சிம்ரன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டிவில கேட்டேன் மாமா. எவ்ளோ தைரியமா படிச்சீங்க. குரல் நடுங்கவே இல்ல. அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு." அவர் தலையாட்டினார். அது தானில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. ஏழு வகைச் சிரிப்பும் மூன்று வகைப் பெருமூச்சும் கொடுத்தவருக்கு, அழுகை கொடுக்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் பொறுத்துக் குரலைத் திருப்பிக் கேட்டார். "அக்ரிமென்ட்ல சைன் போட்டிருக்கீங்களேண்ணே" என்றார் பாலாஜி. "படிக்கலப்பா" என்றார். "படிக்காம சைன் போட்டா அதுக்கு யாருண்ணே பொறுப்பு?" என்றார் பாலாஜி. சரியான கேள்வி. பூவராகவனாருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அன்று முதல் விழா நாளுக்காகக் குழந்தைபோல் காத்திருந்தார்.

நேற்று மாலை நால்வரும் வழக்கம்போல வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து முதலாளியுடையது. பேனாகூட அவருடையதுதான். ஆகவே,

கீழே ஒப்பமிட்ட நாங்கள் முழு மனதுடன் உறுதி கூறுவதாவது: பூவராகவனாரின் குரலை இன்றோடு அவரிடமே ஒப்படைக்கிறோம். அவர் உடன் இல்லாமல் அக்குரல் இனிப் பட்டு விற்காது, பெருமாளை வர்ணிக்காது, எவர் சாவையும் சொல்லாது. ஒரு நாள் அவரே போய்விட்டால், அந்தச் செய்தியை அவர் குரலில் அவர் மனைவிக்குக் கேட்க வைக்க மாட்டோம். இதை வக்கீலிடம் காட்டினால் சிரிப்பார் என்று பூவராகவனாருக்குத் தெரியும். நான்கு பக்க ஆங்கிலத்துக்கு முன் ஒரு பக்கத் தமிழ் என்ன நிற்கும்? ஆனாலும் நானூறு பேர் முன்னிலையில் வாசித்து, சட்டமிட்டு, முதலாளி கையாலேயே வழங்கப்படுகிறது. அவர் வீட்டுச் சுவரில் தொங்கும். பாலாஜி எப்போது போனாலும் அதன் கீழேதான் உட்கார்ந்து காபி குடித்தாக வேண்டும்.

பூவராகவனார் தொண்டைக் கட்டின்றி, மூட்டு வலியின்றி, மிளகுப் பாலும் மனைவியின் வசவும் குறைவின்றி, சக்ரவர்த்தியின் போன் ஓய்வின்றி, நூறாண்டும் அதற்கு மேல் தான் கூட்டிச் சொல்லப்போகும் ஆண்டுகளும் வாழ்க.

இம்மடலை எந்திரம் படிக்காது. அவரே படிப்பார். இவ்விடம் வந்ததும், முனிரத்தினம் உயர்த்துவதுபோல் இடக்கையை உயர்த்திப் பேச்சை நிறுத்துவார். யாரும் கைதட்ட வேண்டாம். விக்ரமின் போன் பதிவு செய்துகொண்டிருக்கும். நாளை ஏற்றும்போது இந்த இடம் வெட்டுப்பட்டிருக்கும். எனவே மண்டபத்தில் இருப்பவர்கள் இப்போதே கேட்டுக்கொள்க. கை இறங்கியதும் பேச்சைத் தொடர வேண்டும் என்பதே ஏற்பாடு. கையை இறக்க வேண்டியவர் ஆடியில் போய்விட்டார்.

படிக்காமல் ஒப்பமிட்ட,
பாலாஜி
பிரவீனா
விக்ரம்
தனுஷ்
மணியோசை டிவி, காஞ்சிபுரம்