எட்டாவது பெட்டி

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார், இன்ஸ்பெக்டர். மற்றபடி தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்த நிராசாவா யாரிடமும் வாய்ச்சண்டைக்குக்கூடப் போனதில்லை என்பார்கள்.

சான்ஜோவில் எட்டுத் தலைமுறையாக உளி அடிக்கிற குடும்பம் எங்களுடையது. உளி யாரும் அடிக்கலாம். பழுக்கக் காய்ந்த இரும்பை முக்கி எடுக்கும் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடு என்பதுதான் ரகசியம். அதை அப்பா மகனுக்கு மட்டும்தான் சொல்வார். முதல் பாட்டனார் காலத்தில் ஒரு வேலைக்காரன் தொட்டியில் கைவிட்டு அந்தச் சூட்டைத் திருடப் பார்த்தான். பாட்டனார் அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். உப்புப் போட்டு மரப்பெட்டியில் வைத்திருக்கிறோம். எங்கள் கூடத்தில் நீங்கள் பார்த்த வரிசையில் முதலாவது அதுதான்.

பின்னால் வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு பெட்டி. தாத்தாவின் பெட்டியில் ஒரு கட்டைவிரல். அப்பாவின் பெட்டியில் இருப்பது பூனையின் பாதம். தொட்டியில் மீன் இருக்கிறதென்று நினைத்து அது காலை விட்டிருக்கலாம். ஆனாலும் உளவு என்றே குடும்பம் ஏற்றுக்கொண்டது. என் பெயர் எழுதிய பெட்டி மட்டும் காலி.

ஓபோன் நாளில் முன்னோரைக் கும்பிடச் சொந்தங்கள் எல்லாரும் கூடுவார்கள். பெரியப்பா பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டே வந்து என்னுடையதில் நிற்பார்.

"இன்னும் ஒரு விரல்கூட மாட்டலையாடா? உன் தண்ணிய ஒருத்தனும் மதிக்கல போலிருக்கே."

அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. திருட ஆளில்லாத ரகசியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கொல்லன்?

அதனால் பட்டறைக் கதவைத் தாழ் போடாமல் விட ஆரம்பித்தேன். எதிர்த்தெருக் கொல்லர் இனாபே, எங்களுக்குப் போட்டிக்காரர், ஒருநாள் ஏணியைத் திருப்பித் தர வந்தார். நான் கரிமூட்டைக்குப் பின்னால் கைக்கோடாலியோடு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மனிதர் தொட்டியைத் தாண்டிப் போய் வாசல் குழாயில் கை கழுவினார். மனசு ஆறாமல் நானே எழுந்து போய்க் கேட்டேன்.

"தண்ணி எவ்வளவு சூடுன்னு பாக்கத் தோணலையா உமக்கு?"

"எனக்கெதுக்கய்யா உம்ம தண்ணி? நான் எண்ணெயில முக்குறேன். அது சரி, கையில எதுக்குக் கோடாலி?"

என் மனைவி ஃபுமியோவுக்கு என் வருத்தம் தெரியும். "ஏங்க, பேசாம ஒரு எலியப் பிடிச்சு வச்சிருங்களேன்" என்றாள். பொய்ப் பெட்டி வைக்கிற வம்சமா எங்களுடையது?

போன சனிக்கிழமை அவள் தம்பி கட்சுஜி வந்தான். தங்கமான பையன். தான் பிடித்த மீனைப் போனில் காட்டிக்கொண்டே என்னோடு பட்டறைக்குள் நடந்தவன், போனைத் தொட்டியில் நழுவவிட்டான். "அத்தான், ஒரு நிமிஷம்" என்று வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டான்.

போன் விழுந்தது என்பது அவன் சொல்வது. அந்த வேலைக்காரனும் கிண்ணம் விழுந்துவிட்டது என்றுதான் சொன்னானாம். நான் கோபப்படவில்லை. உண்மையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு நன்றி சொன்னேன். பிறகு ஒரே வெட்டு. வெட்டு சுத்தமாக இருந்ததாக டாக்டரே சொன்னாராமே, அது எங்கள் இரும்பு.

கையைக் கொண்டுவந்தால் ஒட்டவைத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஃபுமியோ போன் செய்து அழுதாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், பெட்டியக் குடுத்து அனுப்புங்க." பெரியப்பா பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? அவர் மழையில் மெல்ல வந்துசேர்ந்தார், பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார், உப்பு போதாது என்றார். என் தோளில் தட்டிக்கொடுத்தார். அதற்குள் இனிமேல் கொண்டுவந்து பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ரொம்ப சந்தோஷம். ஆனால் அதைச் சொல்லக்கூடாது. நீங்கள் தப்பாக எழுதிவிடக்கூடாதே என்பதற்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கரி நனைந்துபோனதால் உலையே மூட்டவில்லை. தொட்டியில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

அது கட்சுஜிக்குத் தெரியாதல்லவா?