வேலூருக்கு ரெண்டு டிக்கெட்

ஜன்னல சாத்திடு கண்ணு. தோல் ஷாப்பு நாத்தம் உள்ள வந்துச்சுன்னா என் மூக்கு வேலைக்கு ஆவாது. சிரிக்கிற பாத்தியா! நெசமாத்தான் சொல்றேன், என் மூக்குக்குத்தான் சம்பளம். இந்தா பாரு கார்டு. எல்லம்மா, கீழ களப்பணியாளர்னு போட்டிருக்கும். மூக்குன்னு போட எடமில்லையாம்.

புள்ளைக்கு எத்தினி நாளு? ஆறா! ஆபரேஷனா, அதான் இத்தினி நாளு வெச்சிருந்து அனுப்பியிருக்காங்க. மூஞ்சப் பாரு, கலெக்டரு மாதிரி தூங்குறாரு. ஆம்பூர்ல அம்மா வூடா? சரி சரி. பின்னாடி பையக் கட்டிப் புடிச்சிகினு தூங்குறாரே, அவருதான் வூட்டுக்காரரா? தாய்மாமனயே கட்டிகினியா! அம்மா கூடப் பொறந்த தம்பியேவா? நல்லது போ. சண்ட போட்டா ஒரே எடத்துல பஞ்சாயத்து.

மூக்குக் கதையா? கேளு. எங்கப்பாவுக்கு காவேரிப்பாக்கத்துல வெல்லம் காய்ச்சுற வேல. பாகு லேசா கருகினாப் போதும், எங்க வெளையாடிகினு இருந்தாலும் அங்கேருந்தே கத்துவேன், வெறக இழுப்பான்னு. அப்புறம் இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேனா, இங்க ஊரே தோல் நாத்தத்துக்கு மூக்க அடகு வெச்சிட்டு உக்காந்திருக்கு. என் மூக்கு மட்டும் மசியல. மாமியாருக்குத்தான் பேஜாரு. அவங்க கொழம்பு அடிபுடிக்கிறதுக்கு முன்னாடியே தெருக்கோடியிலேர்ந்து சொல்லிருவேன்ல.

வேலூர்ல ஹெலன் டாக்டரம்மான்னு ஒருத்தங்க. பொறந்த புள்ளைங்க குதிகால்ல சுருக்குன்னு ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அட்டையில காயவெச்சு மிஷின்ல போடுவாங்க. லட்சத்துல ஒரு புள்ளைக்கோ ரெண்டு புள்ளைக்கோ, பால்ல இருக்குற சத்து ஒடம்புல கரையாதாம். தாய்ப்பாலே வெஷமாப் போய்டுமாம். அந்த ஆராய்ச்சி. வூடு வூடாப் போயி விவரம் எழுதறது என் வேல. ஒரு நாளு வாணியம்பாடியில பில்கிஸ்னு ஒரு பொண்ணு வூட்டுக்குப் போறேன், கொடியில புள்ளத் துணி தொங்குது. குப்புனு அடிக்குது, கருகின பாகு வாசன! அந்த வூட்ல அடுப்பே பத்தவெக்கல...

இரு கண்ணு, கண்டக்டராண்ட ஒரு வேல இருக்கு.

வந்துட்டேன். எங்க வுட்டேன்? ஆங், பாகு. உடனே போனப் போட்டு, ஏம்மா, இந்தப் புள்ள மூத்திரத்துல வெல்லப்பாகு வாசன அடிக்குதும்மான்னேன். சிரிப்பாங்கன்னு பாத்தேன். சாப்புட்ட கைய கூட சரியா கழுவாம வண்டிய எடுத்துகினு வந்துட்டாங்க. அந்த நோவுக்கு அதுதான் அடையாளமாம்! அப்பலேர்ந்து டாக்டரம்மாவுக்கு யாரப் பாத்தாலும் என்னப் பத்தி பெருமதான். மிஷின் சொல்ல ரெண்டு நாள் ஆவுது, எல்லம்மா மூக்கு ரெண்டு நிமிஷத்துல சொல்லுதுன்னு. அவங்களே மோந்து பாக்கலாமேன்னு கேக்குறியா? பாவம், அவங்களுக்கு வருஷம் பூரா ஜலதோஷம்.

அந்தப் புள்ளையா? மஹீன். யூகேஜி போறான், சரியான வாலு. என்ன, சாப்பாடு மட்டும் தராசுல நிறுத்துதான். ஜவ்வரிசி, காயி, அவனுக்குன்னு ஒரு பவுடர் பாலு. ஊரே பிரியாணி தின்னும், இவனுக்கு வாசன மட்டும். ஆனா ஓட ஆரம்பிச்சான்னா புடிக்க ஆளில்ல. சீக்கிரம் கண்டுபுடிச்சதாலதான். இன்னும் ரெண்டு நாளு தள்ளிப் போயிருந்தா அவ்ளோதான்னாங்க.

ஒம்பையன் நல்லா குடிக்கிறானா? நேத்து ராத்திரியிலேர்ந்து கம்மியா? எழுப்பினாலும் கண்ணு தொறக்கலியா? அழறதும் இல்ல. தங்கமான புள்ளன்னு பக்கத்து பெட்டுல சொன்னாங்களா... ம். ஒரு நிமிஷம், டாக்டரம்மாவுக்கு மெசேஜு ஒண்ணு போட்டுர்றேன்.

இன்னா, அதுக்குள்ள ஆம்பூரா? எந்திரிக்காத கண்ணு. உக்காரு. கண்டக்டராண்ட போனேன்ல, ஒங்க ரெண்டு பேருக்கும் வேலூரு டிக்கெட்டு வாங்கத்தான் போனேன். நீ வந்து பக்கத்துல உக்காந்ததுமே அந்த வாசன வந்துச்சு, ஒம்பையன் துணியிலேர்ந்து. அதுக்குத்தான் ஜன்னல சாத்தச் சொன்னேன். நான் கேட்டது எதுவும் ஊர் வம்பு இல்ல, எல்லாம் டாக்டரம்மா எழுதிக் குடுத்த கேள்வி. சொந்தத்துல கட்டினவங்க புள்ளைங்களுக்குத்தான் அந்த நோவு அதிகமா வருமாம்.

அழாத. என் மூக்கு தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம், வாய் நெறைய என்னத் திட்டிட்டு ஊருக்குப் போ. சரியா இருந்தா இன்னிக்கு ஆறாவது நாளுதான், மஹீனுக்கு அன்னிக்கு ஒம்போது. டாக்டரம்மா பஸ் ஸ்டாண்டுல வண்டியோட நிக்கிறேன்னு பதில் போட்டுட்டாங்க. புள்ளய இப்பிடிக் குடு. நீ போயி வூட்டுக்காரர எழுப்பு. அப்பிடியே அம்மாவுக்குப் போனப் போட்டுச் சொல்லு. இன்னிக்கு வரல, கொஞ்ச நாள் கழிச்சு வர்றோம், புள்ளயோட வர்றோம்னு.